தந்தை பெயரும் பிள்ளை உரிமையும்

சாத்தனுக்கு மகனாகிய கொற்றனைச் ‘சாத்தங்கொற்றன்’ என்று வழங்கினர் நம் முன்னோர். தொல்காப்பியத்துக்கு உரை கண்டோர் இத்தகைய முறைப்பெயர்களை எடுத்துக்காட்டுவர். அவ்விலக்கணம் மற்றொரு வழக்கையும் பேசுகின்றது. ஆதனுக்குத் தந்தை ‘ஆந்தை’. பூதனுக்குத் தந்தை ‘பூந்தை’. கோப்பெருஞ்சோழனின் ஆருயிர் நண்பர் பிசிராந்தையாரின் பெயரில் உள்ளதும் இவ்வாந்தையே என்பர். தந்தையின் பெயரால் மகன் அறியப்பட்டான். மகனின் பெயரால் தந்தையும் அறியப்பட்டான். ஆகவே தமிழன் பெயரோடு சேர்ந்து நின்ற பெயர் குலத்தின் சின்னமன்று. இருவரிடையே நிலவிய உறவின் அடையாளம் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இவ்வழக்கு நம் நாட்டில் இன்றும் அறுபடவில்லை. பொன்னம்பல முதலியாரின் மைந்தர்கள் பொன்னம்பலம் இராமநாதன் என்றும் பொன்னம்பலம் அருணாசலம் என்றும் விளங்கினர். வேலுப்பிள்ளையின் மகனாகிய செல்வநாயகம் தந்தையின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கினார். தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்குத் துணைநின்று, அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டு விலகிக்கொள்ளும். மட்டக்களப்பிலோ பெயர் தந்தைவழி வர, குடி தாய்வழி வரும். அங்கே பிள்ளை இருவழிக்கும் உரியதென்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவு நெகிழ்வுள்ள வழக்கு, 1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் பல்லாயிரக்கணக்கில் கடல்கடந்தபோது, பிற நாட்டுப் படிவங்களின் இரு கட்டங்களுக்குள் அகப்பட்டது. ஒரு கட்டம் சொந்தப் பெயரைக் கேட்டது. மற்றது குடும்பப் பெயரைக் கேட்டது. குடும்பப் பெயர் இல்லாத தமிழன் தன் தந்தையின் பெயரை அதில் எழுதினான். முன்னே நின்ற சாத்தன் பின்னே போனான், கொற்றன் ‘திரு. சாத்தன்’ ஆனான். அவன் மனைவி ‘திருமதி சாத்தன்’ ஆனாள். அவன் பிள்ளைக்கும் அப்பெயரே பதிவாயிற்று. சில வீடுகளில் பிள்ளைக்குப் பாட்டன் பெயரும், சில வீடுகளில் தகப்பன் பெயரும் குடும்பப் பெயராய் அமைந்தன. ஒரு தலைமுறைக்கென இருந்த பெயர் பரம்பரைச் சொத்தாக மாறியது.

குடும்பம் ஒன்றாக வாழும்வரை இதனால் பெருந்துன்பம் இல்லை. குடும்பம் பிரிந்தாலோ நிலைமை வேறு. இலண்டனில் வாழும் என் பழைய மாணவி ஒருத்தி அண்மையில் எழுதிய நீண்ட கடிதமே என்னை இவ்விடயம் பற்றிச் சிந்திக்கத் தூண்டியது. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். விவாகரத்தின் பின் கணவர் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். அவள் தன் தந்தையின் பெயரை மீண்டும் பூண்டாள். மகனோ தகப்பனின் பெயரோடு நிற்கின்றான். இருவர் கடவுச்சீட்டிலும் வெவ்வேறு பெயர்கள் இருத்தலால், விமான நிலையத்தில் ‘இவன் உங்கள் பிள்ளைதானா?’ என்று வினவுகின்றார்களாம். அவள் எழுதிய மற்றொரு செய்தி என் மனத்தைப் பெரிதும் உறுத்தியது. “சேர், எங்கள் அம்மம்மா தன் புருஷனின் பெயரை வாழ்நாளில் ஒருமுறையும் வாயாற் சொன்னதில்லை. நானோ என்னை விட்டுப் போனவரின் பெயரைப் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் எழுத்தெழுத்தாய்ச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். மகனின் பெயரை மாற்றினால் என்ன?”

இக்கேள்வியை அகங்காரமென்று தள்ளுதல் அறியாமை. குடும்பப் பெயர் ஒரு வம்சத்தின் பெயராயிருப்பின், பிரிந்த மனைவி அதனை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். அது பலருக்குப் பொதுவான பெயர். நம்மவர் விடயத்திலோ அது பெரும்பாலும் அவ்வொரு மனிதனின் சொந்தப் பெயர். பிள்ளையை அழைக்குந்தோறும் அம்மனிதன் வந்து நிற்கின்றான். ஆயினும் அதே காரணத்தால், அப்பெயரை நீக்குவதும் ஒரு குலத்தை நீக்குவதாகாது; பிள்ளையின் தகப்பனை அவன் பெயரிலிருந்து நீக்குவதாகும். கடல்கடந்து வாழும் தகப்பனுக்குத் தன் மகனோடு நாள்தோறும் எஞ்சியிருக்கும் தொடர்பு சிலவேளை அப்பெயர் ஒன்றேயாகலாம்.

சட்டமும் இதன் கனத்தை அறிந்தே இருக்கின்றது. பிள்ளை யாருடன் வாழவேண்டுமென நீதிமன்றக் கட்டளை ஒன்று நடைமுறையில் இருப்பின், பெற்றோர் பொறுப்புடைய ஒவ்வொருவரின் எழுத்து மூலச் சம்மதமேனும் நீதிமன்றின் அனுமதியேனும் இன்றிப் பிள்ளைக்குப் புதிய குடும்பப் பெயர் வழங்கலாகாது என்கின்றது இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம். இவ்விதி அதன் பதின்மூன்றாம் பிரிவில் உள்ளது. சம்மதமின்றிப் பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லலாகாது என்னும் விதியும் அதே பிரிவில் உள்ளது. பிள்ளையோடு வாழும் பெற்றோர் ஒரு மாதத்துக்குட்பட்ட பயணத்துக்கு அழைத்துச் செல்ல மட்டும் விலக்குண்டு. பெயரை மாற்றுவதையும் கடல்கடத்துவதையும் அருகருகே வைத்த அச்சட்டத்தின் நோக்கு ஆழ்ந்து எண்ணத்தக்கது. மாற்றத்தால் பிள்ளைக்கு நலம் விளையுமா என்பதே அளவுகோல் என்பதை அந்நாட்டுப் பிரபுக்கள் சபை 1999இல் ஒரு வழக்கிலே வலியுறுத்தியது. தகப்பன் வேற்று நாட்டில் இருக்கின்றான் என்பதனால் மட்டும் அவன் சம்மதம் தேவையற்றதாகிவிடாது. அவன் மறுத்தாலோ, இருக்குமிடம் தெரியாது போனாலோ, நீதிமன்றின் கதவு திறந்திருக்கின்றது. கொடுமைக்கு அஞ்சி ஓடிய தாய்க்கும் பிள்ளைக்கும் பழைய பெயரே ஆபத்தாகும் வேளைகளும் உண்டு. அத்தகையோருக்கு அக்கதவு மிக இன்றியமையாதது.

நம்மவர் பெருந்தொகையாய் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளையின் பெயரை மாற்றப் பிள்ளையின் சம்மதமே வேண்டும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயம், பெயர் பெறும் உரிமையையும் பெயருள்ளிட்ட அடையாளத்தைப் பேணும் உரிமையையும் பிள்ளைக்கே அளித்தது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. பெயர் தாய்க்கோ தகப்பனுக்கோ உரியதன்று, அதைத் தாங்குபவனுக்கு உரியது என்பதே இவற்றின் சாரம்.

இனி, நாடு இரண்டானால் பெயரும் இரண்டாகும் இடர் ஒன்றுண்டு. டென்மார்க்கில் 1998இல், ஜேர்மனியப் பெற்றோருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. தாய் தந்தை இருவர் பெயரையும் இணைத்து டென்மார்க் அதனைப் பதிந்தது. இருவரில் ஒருவர் பெயரையே பிள்ளை தாங்கலாம் என்று ஜேர்மனி மறுத்தது. பெற்றோரும் பிரிந்து, எல்லைக்கு இருபுறமும் வாழ்ந்தனர். எல்லையைக் கடக்குந்தோறும் ஒரே பிள்ளைக்கு வேறு பெயர் என்னும் நிலை தகாது என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜேர்மனியின் சட்டமும் 2025 மே மாதம் முதல் பிள்ளைக்கு இரட்டைப் பெயரை அனுமதிக்கின்றது. இலண்டனில் ஒரு பெயரும் யாழ்ப்பாணத்துக் காணி உறுதியில் வேறொரு பெயருமாய் நிற்கப்போகும் நம் பிள்ளைகளை நினைந்து இவ்வழக்கை நாம் படிக்கவேண்டும்.

ஒருவர் பெயரை வெட்டி மற்றவர் பெயரை நடுவதினும் இரண்டையும் சேர்த்தல் நன்றென்பது என் கருத்து. நம் வரலாற்றிலேயே அதற்கு அழகிய உதாரணம் ஒன்றுண்டு. சேர் முத்து குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கும் 1877இல் கொழும்பில் ஒரு மகன் பிறந்தான். தாய் குழந்தையோடு இங்கிலாந்தில் இருக்கையில், 1879இல் தந்தை கொழும்பிற் காலமானார். அங்கே பிரித்தது மனவேறுபாடன்று, மரணம். எனினும் பிள்ளை கடலுக்கு அப்பால், தாயின் நாட்டில், தாயின் கையில் வளர்ந்தது. ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சூட்டியிருந்தால் வளர்ப்பும் எளிதாயிருக்கும். அத்தாய் அவ்வாறு செய்யவில்லை. ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி என்பது அவன் பெயர். நடுவே நிற்பது தாயின் கெந்த் மாநிலம். இறுதியில் நிற்பது தந்தைவழிப் பாட்டனாரின் பெயர். வளர்ந்தபின் அவர் இந்நாட்டுக்கு வந்து கனிப்பொருள் ஆய்வை நடத்தியதும், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டதும் யாவரும் அறிந்தவை. தந்தையைக் கண்ட நினைவேனும் இல்லாத பிள்ளையைத் தந்தையின் நாட்டோடு பிணைத்த கயிறுகளில் அப்பெயரும் ஒன்றென்பதில் எனக்கு ஐயமில்லை.

என் மாணவிக்கு நான் எழுதிய விடை இதுவே: பிள்ளையின் பெயரோடு உன் பெயரையும் சேர்ப்பதற்குத் தகப்பனின் சம்மதத்தை எழுத்திற் கேள், மறுத்தால் சட்டத்தரணியை நாடு. சம்மதம் வரும்வரை, விமான நிலையத்துக்குப் பிறப்புச் சான்றிதழையும் உடன் கொண்டு செல். எதையும் நீக்குவதாயின், அதை அவன் வளர்ந்து தானே தீர்மானிக்கட்டும். இங்கிலாந்தில் பதினாறு வயதில் அவ்வுரிமை அவன் கைக்கு வரும். அதற்கு இன்னும் ஏழு ஆண்டுகளே உள்ளன.