வெளிநாட்டுப் பருவக் கல்வி (செங்கல்பட்டு மாவட்டம்)

வெளிநாட்டுப் பருவக் கல்வி என்பது, பட்டப்படிப்பின் ஒரு செமஸ்டரை வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கு பெறும் கிரெடிட்களைத் தாய்க் கல்லூரியின் கணக்கில் சேர்ப்பதாகும். செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலுள்ள வி.ஐ.டி. வளாகம் ஆகியவற்றில் இதற்கான திட்டங்கள் உள்ளன. பெரும்பாலும் இது மாணவரின் விருப்பம். இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வழங்கும் கூட்டுப் பட்டத்திலோ கட்டாயம்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 விழுக்காடு கிரெடிட் பெற வேண்டும். 160 கிரெடிட் கொண்ட பொறியியல் படிப்பில் அது 48. செமஸ்டருக்குச் சராசரி 20 என்பதால் ஒரு செமஸ்டர் போதாது.

எளிதில் கவனம் தப்புவது நாட்காட்டி. ஜெர்மனியில் அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவ வகுப்புகள் பிப்ரவரி வரை நீள்கின்றன; தேர்வுகள் அதற்குப் பிறகும் நடக்கலாம். இங்கோ அடுத்த செமஸ்டர் வழக்கமாக டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்கிவிடும். திரும்புவதற்குள் வருகைப்பதிவு பல வாரங்கள் குறைந்திருக்கும். டிசம்பரில் முடியும் அமெரிக்க இலையுதிர்காலப் பருவத்தில் இந்தச் சிக்கல் குறைவு.

ஐரோப்பாவில் ஒரு பருவத்துக்கு 30 இ.சி.டி.எஸ். அலகுகள். அவை இங்குள்ள 20 கிரெடிட்டாகத் தாமே மாறிவிடா. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைப் புறப்படும் முன்பே துறையிடம் எழுத்தில் பெறாதவர், அங்கே தேறிய பாடத்தை இங்கே மீண்டும் எழுத நேரிடலாம்.

மாமல்லபுரம், கோவளம் பகுதி மாணவர்கள் கடவுச்சீட்டுக்குத் தாம்பரம் சேவை மையத்தை அணுகலாம். ஜெர்மன் மாணவர் விசாவுக்கு, உதவித்தொகையோ பொறுப்பேற்பவரோ இல்லாதவர்கள் 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ வீதம் முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் அங்குள்ள கல்விக் கட்டணம் தவிரலாம். இந்தத் தொகை தவிராது.