உலக சாம்பியனா இருந்தாலும் சீட் இல்லை! ஒலிம்பிக் டேபிள் டென்னிசில் ஒரு நாட்டுக்கு 2 பேர்தான்

திறமை இருந்தா போதும், ஒலிம்பிக்கில் ஆடிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. டேபிள் டென்னிஸ் ஒற்றையர் பிரிவில் ஒரு நாட்டுக்கு ஆண்களில் 2 பேர், பெண்களில் 2 பேர்தான். 3-வது ஆள் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

ஏன் இந்த கெடுபிடி?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரு நாட்டில் இருந்து 3 பேர் வரை ஆடலாம் என்று இருந்தது. சொந்த மண்ணில் சீனா புகுந்து விளையாடியது. ஆண்களில் மா லின், வாங் ஹாவ், வாங் லிகின். பெண்களில் ஜாங் யினிங், வாங் நான், குவோ யூ. தங்கம், வெள்ளி, வெண்கலம் என 6 பதக்கத்தையும் சீனாவே அள்ளிக்கொண்டது.

ஒரே நாடு எல்லாத்தையும் சுருட்டினால் மற்றவர்கள் எதற்கு ஆடுவது? அதனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இருந்து 2 பேர் என்று குறைத்துவிட்டார்கள்.

வெண்கலம் கைமாறியது

2 பேர் ஆடினால் 3 பதக்கம் வாங்க முடியாது அல்லவா? ஒரு பதக்கமாவது வேறு நாட்டுக்கு போயே தீரும். லண்டனில் ஜெர்மனியின் ஒவ்சரோவும், சிங்கப்பூரின் பெங் தியான்வெயும் வெண்கலம் வென்றனர். 2024 பாரீசில் பிரான்சின் லெப்ரன், ஜப்பானின் ஹயாடா வென்றனர்.

ஆனால் தங்கம் மட்டும் அசையவில்லை. 2012 முதல் 2024 வரை ஒற்றையரில் 8 தங்கமும் சீனாவுக்கே. 1988-ல் இந்த ஆட்டம் ஒலிம்பிக்குக்கு வந்ததில் இருந்து பாரீஸ் வரை கொடுத்த 42 தங்கத்தில் 37 சீனாவிடம்தான்.

அடி யாருக்கு?

சீனாவின் 3-வது ஆளுக்கு! பின்னாளில் 2 முறை ஒற்றையர் தங்கம் வென்ற மா லாங், லண்டனில் குழு போட்டியோடு சரி. 2021 உலக சாம்பியன் வாங் மான்யூவுக்கும் பாரீசில் அதே கதி.

நம்ம ஊருக்கு என்ன?

சீனாக்காரர் விட்ட இடம் மற்ற நாடுகளுக்கு போகிறது. அந்த வகையில் லாபம்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையரில் இந்தியாவின் 2 இடத்திலும் ஆடியது சென்னை வீரர்கள் சரத் கமல், சத்தியன். மா லாங்கிடம் தோற்றாலும் ஒரு செட்டை பறித்து அசத்தினார் சரத்.

ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். பாரீசில் அந்த 2 இடமும் தரவரிசைப்படி சரத் கமலுக்கும் ஹர்மீத் தேசாய்க்கும் போனது. குழு போட்டிக்கு 3-வது வீரராக மானவ் தாக்கர் சேர்ந்தார். சத்தியன் மாற்று வீரராகத்தான் போக முடிந்தது.

2025-ல் சரத் கமல் ஓய்வு பெற்றுவிட்டார். இனி வரும் இளசுகள் வெளிநாட்டுக்காரரை ஜெயிப்பதற்கு முன்னால், உள்ளூரில் முதல் 2 பேரில் ஒருவராக வந்தாக வேண்டும். அதுவே பாதி ஒலிம்பிக்!