பனிக்காலத்தில் ஸ்பிட்டிக்கு மோட்டார் சைக்கிள் பயணம்: ஆபத்து பனியிலா, பனிக்கட்டியிலா?

சிம்லா: குளிர்காலம் தொடங்கியதும் இமாச்சலப் பிரதேசத்தின் உயர்மலைக் கணவாய்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஆயினும், பனி மூடிய பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்ற ஆவலுடன் ஸ்பிட்டி பள்ளத்தாக்கை நோக்கிப் புறப்படுவோர் இருக்கவே செய்கின்றனர். சமூக ஊடகக் காணொலிகளில் அப்பயணம் வெண்மையும் அமைதியுமாகக் காட்சியளிக்கிறது. ஆனால், அதன் முதன்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியும் வெண்பனியில் இல்லை. பகலில் உருகி, மாலையில் மீண்டும் உறையும் நீரில்தான் இருக்கிறது.

அதே சாலை காலை 8 மணிக்கு ஒரு நிலையிலும், நண்பகலில் வேறு நிலையிலும், மாலை 5 மணிக்கு மற்றொரு நிலையிலும் இருக்கும். இந்த மாற்றம் ஏன் நிகழ்கிறது, வாகனத்தையும் உடலையும் அது எவ்வாறு பாதிக்கிறது, எப்போது பயணத்தை நிறுத்த வேண்டும் என்பதை இங்கே காணலாம்.

எந்தப் பாதை திறந்திருக்கும்?

ஸ்பிட்டியின் தலைமையிடமான காஜாவை அடைய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மணாலியிலிருந்து குன்சம் கணவாய் வழியாகச் செல்வது. 4,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள இக்கணவாய் குளிர்காலம் முழுவதும் பனியால் மூடப்பட்டிருக்கும். 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை, ரோத்தங் கணவாயைக் கடக்கும் சிரமத்தை நீக்கி, லாஹௌல் பகுதியைக் குளிர்காலத்திலும் மணாலியுடன் இணைத்துள்ளது. எனினும், அதற்கு அப்பால் உள்ள குன்சம் கணவாய்க்கு அது தீர்வாகாது. சுரங்கப்பாதை திறந்திருப்பதால் காஜாவுக்கும் போய்விடலாம் என்று கருதுவது தவறு.

மற்றொன்று சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாக நாக்கோ, தாபோ ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் சாலை. எல்லைப் பகுதிக்கான முக்கியப் பாதை என்பதால் குளிர்காலத்திலும் பனி அகற்றப்பட்டு, இயன்றவரை திறந்து வைக்கப்படுகிறது. கடும் பனிப்பொழிவு, நிலச்சரிவு, பனிச்சரிவு ஆகியவற்றின்போது இதுவும் நாள்கணக்கில் அடைபடுவதுண்டு. எனவே, திரும்பும் நாளை உறுதியாக நிர்ணயித்துக்கொண்டு செல்வது பொருத்தமற்றது. குறைந்தது இரண்டு, மூன்று நாள்களைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

இந்த வழிக்கு மற்றொரு நன்மையும் உண்டு. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லாவிலிருந்து, 3,600 மீட்டருக்கு மேல் உள்ள காஜாவுக்கு உயரம் படிப்படியாகவே கூடுகிறது. இடையில் உள்ள ஊர்களில் இரவு தங்கிச் சென்றால், குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் பழகிக்கொள்ளும்.

பனியும் பனிக்கட்டியும் ஒன்றல்ல

புதிதாகப் பெய்த பனி காற்று நிறைந்தது. டயர் அதன்மீது ஏறும்போது அது நசுங்கி, டயரின் பள்ளங்களுக்குள் இறுகி, ஓரளவு பிடிமானம் தருகிறது. கணுக்கால் அளவுப் பனியில் மெதுவாக ஓட்டும் வாகனம் தள்ளாடினாலும் முன்னேறும். பனியின் ஆழம் எஞ்சினின் அடிப்பகுதியை எட்டும்போதுதான், பின்சக்கரம் வீணே சுழன்று வாகனம் சிக்கிக்கொள்கிறது.

பனிக்கட்டியின் தன்மை வேறு. பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உட்புறத்தில் உள்ளவற்றைப் போல இறுகப் பிணைந்திருப்பதில்லை. உறைநிலைக்குக் கீழேயும் அங்கே நீரைப் போன்ற மிக மெல்லிய படலம் இருக்கிறது. அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1850-ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை முன்வைத்தார். வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை நெருங்க நெருங்க இப்படலம் தடிமனாகிறது. அதனால், மிகக் கடுமையான குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, உருகத் தொடங்கும் நிலையில் உள்ள பனிக்கட்டி அதிகம் வழுக்கும்.

ஸ்பிட்டி சாலைகளில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். நண்பகல் வெயிலில் மலைச்சரிவிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் உருகிய நீர் சாலையின் குறுக்கே வழிந்தோடுகிறது. பிற்பகலில் மலையின் நிழல் விழுந்ததும், அந்நீர் விரைவில் கண்ணாடி போல் உறைகிறது. தாரின் கருமை அதனூடே தெரிவதால், ஈரமான சாலை என்றே ஓட்டுநர் எண்ணுகிறார். இதையே பிளாக் ஐஸ் என்கின்றனர். வெயில் படாத வடக்கு நோக்கிய வளைவுகள், பாலங்கள், ஓடைகள் குறுக்கிடும் இடங்கள் ஆகியவற்றில் இது பகலிலும் நீடிக்கும்.

ஆகவே, காலை 10 மணியளவில் வெயில் பட்ட பிறகு புறப்பட்டு, பிற்பகல் 3 மணிக்குள் தங்குமிடத்தை அடைவது பாதுகாப்பான நடைமுறை. குளிர்காலத்தில் ஒரு நாளில் கடக்கும் தூரத்தை, கோடையில் கடப்பதில் பாதியாகவே கணக்கிட வேண்டும்.

வாகனத்தில் என்ன நிகழ்கிறது?

முதலில் பாதிக்கப்படுவது பேட்டரி. அதனுள் நிகழும் வேதிவினை குளிரில் மந்தமடைகிறது. மைனஸ் 18 டிகிரியில் சாதாரண ஈய-அமில பேட்டரியின் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அதே வேளையில், கெட்டியான ஆயிலுக்குள் எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக மின்சாரம் தேவைப்படுகிறது. சக்தி குறையும் நேரத்தில் தேவை கூடுவதால்தான், காலையில் வாகனம் இயங்க மறுக்கிறது. சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்து வெடிப்பு விடவும் கூடும். பேட்டரியை இரவில் கழற்றி அறைக்குள் வைத்துக்கொள்வது எளிய தீர்வு.

அடுத்தது எஞ்சின் ஆயில். ஆயில் டப்பாவில் டபிள்யூ எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் அது எவ்வளவு இளகி இருக்கும் என்பதைக் குறிக்கிறது. 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயில் மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கப்படுகின்றன. நடுக்குளிர்காலத்தில் காஜாவின் இரவு வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே செல்வதுண்டு. எனவே, வாகனக் கையேடு அனுமதிக்கும் ஆயில்களில் டபிள்யூவுக்கு முன் குறைந்த எண் கொண்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்ரோல் இக்குளிரில் உறைவதில்லை. ஆனால், பாதி காலியான டேங்கின் உட்சுவரில் படியும் ஈரம் உறைந்து குழாயை அடைக்கலாம். டேங்கை நிரப்பியே வாகனத்தை நிறுத்த வேண்டும். டீசலின் நிலை வேறு. அதில் உள்ள மெழுகுப் பொருள் கடுங்குளிரில் கெட்டியாகிவிடும். இதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை இளகிய நிலையில் இருக்கும் சிறப்பு டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக் பகுதிக்கு அறிமுகம் செய்தது. உறைந்த டீசலை இளக்க டேங்கின் கீழ் தீ மூட்டுவோரைப் பார்த்து, பெட்ரோல் வாகனத்தில் அவ்வாறு முயல்வது உயிருக்கே ஆபத்து.

உயரம் கூடக்கூட எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. காஜாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவு. எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் புதிய வாகனங்கள் இதற்கேற்ப அளவைச் சரிசெய்துகொள்கின்றன. கார்பரேட்டர் உள்ள பழைய வாகனங்கள் திணறும். திரவக் குளிர்விப்பு கொண்ட எஞ்சின்களில் வெறும் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது உறைந்து விரிவடைந்து எஞ்சினையே பிளக்கக்கூடும். கூலண்டும் தண்ணீரும் சம அளவில் கலந்த கலவை மைனஸ் 35 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

டயர் காற்றின் கணக்கும் மாறுகிறது. குளிர் அழுத்தத்தைக் குறைக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் உயரத்தில் குறைவதால் அளவுகோல் கூடுதலாகக் காட்டும். சமவெளியில் பார்த்த அளவை நம்பாமல், மலையில் காலை நேரத்தில் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஓட்டும் முறை

பனிக்கட்டியில் ஆக்சிலரேட்டர், பிரேக், ஹேண்டில்பார் ஆகிய மூன்றையும் திடீரென இயக்கக் கூடாது. இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளப்பினால், பின்சக்கரம் வீணே சுழல்வது குறையும். இறக்கத்தில் கிளட்சைப் பிடித்தபடி உருள விடாமல், முதல் கியரில் எஞ்சினின் இழுவையைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஏபிஎஸ் வசதி சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர, இல்லாத பிடிமானத்தை உருவாக்காது; பனிக்கட்டியில் வாகனம் நிற்க நீண்ட தூரம் தேவைப்படும்.

பிற வாகனங்கள் சென்று பளபளப்பான தடத்தைவிட, அதன் ஓரத்தில் உள்ள மிதிபடாத பனி அதிகப் பிடிமானம் தரும். ஆனால், பள்ளத்தாக்கை ஒட்டிய ஓரத்தை நெருங்கக் கூடாது. அங்கே பனிக்குக் கீழே சாலை முடிந்துபோயிருக்கலாம். ஓடையைக் கடந்த பின் சிறிது தூரம் பிரேக்கை இலேசாக அழுத்தியபடி ஓட்டி ஈரத்தைப் போக்காவிட்டால், நிறுத்திய இடத்திலேயே பிரேக் உறைந்துவிடும்.

டயரில் சங்கிலி சுற்றுவது பயன் தரும். ஆனால், அது செயினிலோ, மட்கார்டிலோ, பிரேக் குழாயிலோ உரசாதவாறு முன்கூட்டியே பொருத்திப் பார்க்க வேண்டும். உறைந்த தடங்களில் நடைபெறும் ஐஸ் ஸ்பீட்வே பந்தயங்களில் டயர்களில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு முட்கள் பதிக்கப்படுவது, சாதாரண ரப்பரால் அங்கே எதுவும் செய்ய இயலாது என்பதையே காட்டுகிறது. ஜெர்மனியில் 1956-ஆம் ஆண்டு தொடங்கிய 'எலிஃபான்டன்ட்ரெஃபன்' என்ற குளிர்கால மோட்டார் சைக்கிள் சந்திப்புக்கு, பக்கப்பெட்டி இணைத்த மூன்று சக்கர வாகனங்களில் பலர் வருவதற்கும் இதுவே காரணம். மூன்று சக்கர வாகனம் சறுக்கினாலும் எளிதில் சாயாது.

வாகனத்துக்கு முன் தளர்வது உடல்

காற்றின் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியாக இருக்கையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 டிகிரி போல உறைக்கும். முதலில் மரத்துப்போவது விரல்கள். அவற்றைக் கொண்டே கிளட்சையும் பிரேக்கையும் இயக்க வேண்டியிருப்பதால், விரல் மரத்துப்போனதை வெறும் அசௌகரியமாகக் கருதக் கூடாது. அது வாகனத்தை நிறுத்துவதற்கான அறிகுறி.

ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வாகனம் சாய்ந்தால், குறைந்த ஆக்சிஜனில் அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் உடல் வியர்த்துவிடும். அந்த ஈரமே பின்னர் உடல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. உள்ளாடைக்குப் பருத்தியைத் தவிர்த்துக் கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகளை அணிய வேண்டும். மாற்று உடையை உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

உடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே குறையும்போது பேச்சு குழறும், நடை தடுமாறும், முடிவெடுக்கும் திறன் மங்கும். பாதிக்கப்பட்டவர் தமக்கு எதுவும் இல்லை என்றே சொல்வார். தனியாகச் செல்லக் கூடாது என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். பனிக்கடியால் வெளிறிய விரலைத் தேய்க்கவோ, நெருப்பில் காட்டவோ கூடாது. மீண்டும் உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டுமே வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். மது, உடல் வெப்பத்தை மேலும் இழக்கச் செய்யும். மூடிய அறையில் கரி அடுப்பை எரியவிட்டு உறங்குவது, கார்பன் மோனாக்சைடு நச்சால் மரணத்தை விளைவிக்கும்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயரத்தால் ஏற்படும் நோயின் தொடக்க அறிகுறிகள். அவை தோன்றினால் மேலும் உயரத்துக்குச் செல்லக் கூடாது. ஓய்விலும் மூச்சுத்திணறலோ, மனக்குழப்பமோ ஏற்பட்டால் உடனே கீழே இறங்க வேண்டும். மருத்துவ உதவியும் நாட வேண்டும்.

சாலையை விட்டு விலகலாமா?

காஜாவுக்கு மேலே கிப்பர், லாங்சா, ஹிக்கிம், கோமிக் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் பாதைகளில், பனிப்பொழிவுக்குப் பின் சாலை எது, வெளி எது என்றே தெரியாது. வெண்பனியில் தடம் பதிக்கும் ஆசையில் விலகுவோர், பனிக்குக் கீழே வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் நீர்வாய்க்கால்களும் இருப்பதை அறிவதில்லை. குளிர் பாலைவனமான இப்பகுதியில் செடிகள் வளரும் காலம் ஆண்டில் சில மாதங்களே. டயரால் சிதைந்த மண் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் ஆகும்.

வனவிலங்குகளுக்கும் குளிர்காலம் நெருக்கடியானது. உணவு குறைந்த இம்மாதங்களில் காட்டாடுகளும் நீலஆடுகளும் தாழ்வான சரிவுகளுக்கு இறங்குகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து பனிச்சிறுத்தையும் வருகிறது. எஞ்சின் ஒலியால் மிரண்டு ஓடும் ஒவ்வொரு முறையும், வசந்தம் வரை சேமித்து வைத்த உடல் வலுவை அவை இழக்கின்றன.

சட்ட நடவடிக்கையும் உண்டு. 2023 டிசம்பரில் போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்க லாஹௌலில் சந்திரா ஆற்றுக்குள் வாகனத்தை ஓட்டியவருக்குக் காவல்துறை மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அபராதம் விதித்தது. பனிப்பொழிவுக்குப் பின் மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை நோக்கிய சாலையில், நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனங்களை மட்டுமே அனுமதிப்பது வழக்கம். அந்நாள்களில் இருசக்கர வாகனங்கள் திருப்பி அனுப்பப்படும்.

எப்போது திரும்ப வேண்டும்?

புறப்படும் முன் வானிலை முன்னறிவிப்பையும், மாவட்டக் காவல்துறையின் சாலை நிலவர அறிவிப்பையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் கைபேசி இணைப்பு இல்லாததால், அடுத்து தங்கும் ஊரையும் சென்றடையும் நேரத்தையும் தங்குமிட உரிமையாளரிடம் சொல்லிச் செல்வது நல்லது. ரெக்காங் பியோவில் எரிபொருளை நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்து காஜாவில் உள்ள நிலையத்தையே நம்பியிருக்க வேண்டியிருக்கும்.

பிற்பகல் 3 மணிக்குள் ஊர் வராது என்று தெரிந்தாலோ, விரல்களில் உணர்வு குறைந்தாலோ, புதிய பனிப்பொழிவு தொடங்கினாலோ கடைசியாகக் கடந்த ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கே சாலை அடைபட்டால், அதைத் திறக்கப் பணியாளர்கள் உயிரைப் பணயம் வைத்தே இயந்திரங்களை இயக்குகின்றனர். சிக்கிக்கொண்ட ஒருவரை மீட்க, அதே பனிக்கட்டியின் மீது அதே இருளில் வேறு பலர் வர வேண்டியிருக்கும் என்பதைப் பயணிகள் மனத்தில் கொள்ள வேண்டும்.