குழப்பும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலம் கற்கும் தமிழர் அடிக்கடி மாற்றிப் போடும் சொற்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: ஒலியால் குழப்புபவை, தமிழில் ஒரே வினைக்குள் அடங்குவதால் குழப்புபவை, தமிழ்ப் பேச்சில் கலந்து பொருள் மாறியவை.

முதல் வகை ஆங்கிலேயரையே தடுமாற வைக்கும். எழுதுபொருளுக்கும் ஸ்டேஷனரி என்றே பெயர். நகராமல் நிற்பதற்கும் அதே உச்சரிப்புதான். எழுதுபொருள் என்றால் கடைசிப் பகுதியில் ‘ஈ’ எழுத்து வரும், நகராதது என்றால் ‘ஏ’ எழுத்து வரும். இரண்டுக்கும் வேர் ஒன்றே. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றாமல், ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை ‘நிலைத்திருப்பவர்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லால் அழைத்தனர். அவர் விற்ற பொருளுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டும் இப்படி ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவைதான். பெரும்பாலும் முன்னது வினைச்சொல், பின்னது பெயர்ச்சொல். வறட்சி பயிரை அஃபெக்ட் செய்கிறது. அதனால் நேரும் விளைவு எஃபெக்ட்.

இரண்டாம் வகை தமிழருக்கே உரிய சிக்கல். ‘வழி கேட்டான்’, ‘சத்தம் கேட்டது’, ‘பாட்டுக் கேட்டாள்’ என மூன்று இடத்திலும் தமிழில் ‘கேள்’ என்னும் ஒரே வினை வருகிறது. ஆங்கிலத்தில் முறையே ஆஸ்க், ஹியர், லிசன் என்று மூன்று சொற்கள் வேண்டும். தானாகக் காதில் விழுந்தால் ஹியர். கவனித்துக் கேட்டால் லிசன், அதோடு ‘டு’ என்ற இணைப்பும் சேரும். ‘பார்’ என்னும் வினையும் அப்படியே. கண்ணில் படுவது சீ, பார்வையைத் திருப்புவது லுக், கிரிக்கெட் போல நடந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து பார்ப்பது வாட்ச். ‘படி’ என்பதற்கும் வாசித்தால் ரீட், பாடமாகப் பயின்றால் ஸ்டடி.

சில இடங்களில் தமிழே கைகொடுக்கும். சின்ஸ், ஃபார் இரண்டில் எது என்ற ஐயம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ‘2019இலிருந்து இங்கே வேலை செய்கிறார்’ என்று தொடங்கிய காலம் வந்தால் சின்ஸ். ‘ஐந்து ஆண்டுகளாக’ என்று கால அளவு வந்தால் ஃபார். கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். தமிழில் ‘வாங்கு’, ‘கொடு’ இரண்டையும் எவரும் மாற்றிச் சொல்வதில்லை. அந்தத் தெளிவை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் போதும்.

மூன்றாம் வகையில் எச்சரிக்கை வேண்டும். தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றால் இட்லி, தோசை கிடைக்கும் இடம். இங்கிலாந்தில் அது தங்கும் விடுதி. சாப்பிடும் இடத்துக்கு அங்கே ரெஸ்டாரண்ட் என்று கேட்க வேண்டும்.

குழப்பத்தின் வகை தெரிந்தால் பயிற்சியும் எளிது. ஒலியால் குழப்புவதை எழுதிப் பழக வேண்டும். வினையால் குழப்புவதைத் தனிச்சொல்லாக அல்லாமல் முழு வாக்கியமாக மனத்தில் பதிக்க வேண்டும். பொருள் மாறியதை அகராதியில் சரிபார்க்க வேண்டும்.