முப்பதில் ஒரு முழங்கால்

சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில், தாயார் தெருவோரம் கோழிக்கறி விற்று வளர்த்த பிள்ளை நடராஜன். 2020 இறுதியில் ஆஸ்திரேலியா சென்றவர், 2021 ஜனவரிக்குள் மூவகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார். ஊரே பூரித்தது! அந்தப் பூரிப்பு அடங்குமுன், ஏப்ரலில் முழங்காலில் ஆபரேஷன். வயதோ முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. 'இனி அவ்வளவுதானா?' என்று யாருக்குத்தான் தோன்றாது?

வேகப் பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும்போது, உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் அதன்மேல் இறங்குகிறது. அதைத் தாங்குபவை மூட்டின் குருத்தெலும்பும் தொடைத் தசைகளும். குருத்தெலும்பு தேய்ந்தால் லேசில் வளராது. தசையை மட்டும் எந்த வயதிலும் வலுவாக்கலாம். ஆபரேஷனுக்குப் பின் மாதக் கணக்கில் பயிற்சி தருவது இதற்குத்தான்.

நடராஜன் மீண்டு வந்தார். முப்பதைத் தாண்டிய பிறகு, 2024 ஐ.பி.எல். பந்தயங்களில் 19 விக்கெட்டுகள் எடுத்தார்!

மாடிப்படி ஏறுகையில் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் சகோதரிகளே, உங்களுக்கும் இதே வழிதான். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி மெல்ல இறக்குங்கள், பிறகு மறுகால். தினமும் பத்து முறை போதும். வீக்கமோ கடும் வலியோ இருந்தால் மட்டும், முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.