பழரசம்: சூடும் குளிரும்

பழச் சாகுபடிச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "விலை போகாத பழத்தை ரசமாக்கலாம், ஆனால், சூடாக்கினால் சத்து அழிந்துவிடாதா?" அச்சம் நியாயமானதே. எனினும் அழிவின் அளவை அறிந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

ஆரஞ்சு ரசத்தையே எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பிழிந்த ரசத்தில் 100 கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் 'ஸி' உள்ளது. உஷ்ணம், பிராணவாயு, செம்பின் சேர்க்கை ஆகிய மூன்றும் இதற்குப் பகையாகும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-களில் திராட்சை மதுவைக் காக்கக் கண்ட முறையைத் தழுவி, இன்று ரசத்தை ஏறத்தாழ 90 டிகிரி சென்டிகிரேடில் சில விநாடிகளே சூடாக்கி, உடனே குளிர்விக்கின்றனர். இதில் 'ஸி' இழப்பு சொற்பமே. நெடுநேரம் கொதிக்க வைப்பதும், பின்னர் வெப்பமான அறையில் மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதுமே பெரு நஷ்டம் விளைவிப்பன. மாம்பழத்தின் கரோட்டின் இச்சிறு சூட்டைத் தாங்கும். தக்காளியின் செந்நிறப் பொருளான லைக்கோபீனோ, வெந்த பின்னர் உடலில் இன்னும் எளிதாகச் சேரும்.

உறைய வைத்தால் சத்து நெடுநாள் நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில் 'ஸி' பல மாதங்கள் பெரிதும் குறையாதிருக்கும். அமெரிக்காவில் பிளாரிடா மாநில விஞ்ஞானிகள் 1940-களில், காற்று நீக்கிய கலத்தில் குறைந்த சூட்டில் ரசத்தைச் சுண்டச் செய்து, சிறிது புது ரசம் கலந்து மணத்தை மீட்டு, உறைய வைத்தனர். 1948-ல் அம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆனால், ஒன்றை மறத்தலாகாது. குளிர் கிருமிகளை உறங்கச் செய்யுமேயன்றி முற்றும் கொல்லாது. 1996-ல் அமெரிக்காவில் சூடாக்காத ஆப்பிள் ரசம் அருந்தியோர் பலர் நோயுற்றனர். குழந்தை ஒன்று இறந்தது. நோய்க்கிருமிகளை லட்சத்தில் ஒன்றாகக் குறைத்தல் வேண்டுமென 2001-ல் அந்நாட்டு அரசு விதி செய்தது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது இது: அழுகிய பழத்தை நீக்குங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரங்களை விடுத்து எவர்சில்வரைக் கையாளுங்கள். சூட்டைக் கண்மதிப்பால் அன்றிக் கருவியால் அளந்து, விரைவில் ஏற்றி, விரைவில் ஆற்றுங்கள். புட்டியில் காற்றுக்கு இடம் வையாதீர்கள். மின்சாரம் நின்று உருகிய ரசத்தை மீண்டும் உறைய வைத்து விற்காதீர்கள். சிறிது சத்துக் குறைந்தால் வேறு உணவால் ஈடு செய்யலாம். நம் சங்கத்தின் ரசத்தால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேரின் அதற்கு ஈடு ஏது?