தொட்டில் காலும் பாட்டியின் முழங்காலும்

"குழந்தைக்குக் கால் வளைஞ்சிருக்கே!" என்று மாட்டுப்பெண்ணுக்குக் கவலை. "உச்சிப் பிள்ளையாரைப் பார்த்து வருஷமாச்சு, படியேற முடியலையே" என்று மாமியாருக்கு ஏக்கம். ஸ்ரீரங்கத்துப் பல வீடுகளில் இந்த இரண்டு குரலும் ஒரே கூடத்தில் கேட்கும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பொருள்தான்: குருத்தெலும்பு.

வாழைக் குருத்து மாதிரி இளசாக, வளைந்து கொடுப்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான். காது மடலை மடக்கிப் பாருங்கள், தெரியும். வயிற்றிலிருக்கும் சிசுவின் கை கால் எலும்புகள் முதலில் குருத்தாகத்தான் உருவாகின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குருத்து விலகி, அந்த இடத்தில் கெட்டி எலும்பு உட்காருகிறது. பிறந்த குழந்தையின் முழங்கால் சில்லு முழுக்கக் குருத்துதான்! இரண்டு, மூன்று வயசுக்கு மேல்தான் எலும்பாகத் தொடங்கும். எலும்பு நுனிக்கருகே உள்ள குருத்துத் தட்டுதான் உயரத்தைக் கொடுப்பது. பெண்களுக்கு 14, 15 வயசிலும் ஆண்களுக்கு 16, 17 வயசிலும் அது மூடிக்கொள்ளும். அப்புறம் எந்த டானிக் குடித்தும் உயரம் கூடாது.

சரி, வளைந்த கால்? சுமார் இரண்டு வயசு வரை கால் வில் போல இருப்பது சகஜம். மூன்று, நாலு வயசில் நேர்மாறாக முழங்கால்கள் ஒட்டும். ஏழு வயசுக்குள் பெரும்பாலும் நேராகிவிடும். எண்ணெய் தேய்த்து நீவினால் குழந்தை சுகமாகத் தூங்கும், அவ்வளவுதான். காலை இழுத்து நிமிர்த்துவது வேண்டவே வேண்டாம். இரண்டு வயசுக்குப் பிறகும் வளைவு அதிகமானாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, மணிக்கட்டு தடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் 'டி' குறைவாக இருக்கலாம். தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகக் குறைவு. அதனால்தான் முதல் வருஷம் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து தரச் சொல்கிறார்கள். அளவை நாமாகக் கூட்டக் கூடாது. திட உணவு தொடங்கியதும் கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு.

இனி பாட்டி. எல்லாக் குருத்தும் எலும்பாகிவிடுவதில்லை. மூட்டில் எலும்போடு எலும்பு உரசாதிருக்க, நுனிகளில் சில மில்லிமீட்டர் கனத்தில் வழுவழுப்பான உறையாக ஆயுசுக்கும் தங்குகிறது. அதற்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டில் ஊறும் நீர்தான் ஆகாரம். காலை ஊன்றினால் பிழிந்து, எடுத்தால் உறிஞ்சும்; பஞ்சு மாதிரி. ஆகவே வலிக்கிறதே என்று படுத்தே கிடந்தால் குருத்துக்குப் பட்டினி! தேய்ந்தது பழையபடி வளர்வதும் அரிது.

அதற்காக மலைக்கோட்டைதான் ஏற வேண்டுமா? 83 மீட்டர் உயரப் பாறை அது. படியேறும்போது முழங்காலில் உடம்பு எடையைப் போல் மூன்று பங்கு பாரம் விழும். 60 கிலோ எடையென்றால் 180 கிலோ! இறங்குவது இன்னும் சிரமம். அடிவாரத்து மாணிக்க விநாயகரைச் சேவித்துத் திரும்பினால் பிள்ளையார் கோபிக்க மாட்டார். சமதளமான உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் காலையில் மெல்ல நடப்பது முழங்காலுக்கு நல்லது. அரிவாள்மணை முன் குந்துவதை விட்டு, மேஜையில் கத்தியால் நறுக்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து தடவை. தொடைச் சதை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும். மூட்டு வீங்கிச் சுட்டால் மட்டும் இதெல்லாம் வேண்டாம். அன்றே டாக்டரைப் பார்க்கவும்.